விழுவதற்கும் உயரம் வேண்டுமா?

முதுகலை ஆங்கில இலக்கியம் படிக்கும் தோழர்களுக்கு இந்தக் கேள்வி நன்றாகப் பழக்கமானது: வில்லி லோமன் ஒரு துன்பியல் நாயகனா, விவாதிக்க. கைடில் விடை தயாராக இருக்கும். அரிஸ்டாட்டில் சொன்னது ஒரு பத்தி, ஆர்தர் மில்லர் சொன்னது ஒரு பத்தி, ‘ஆம், அவன் நவீன காலத்தின் துன்பியல் நாயகனே’ என்று ஒரு முடிவு. மதிப்பெண் வந்துவிடும். ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு கேள்வியை வகுப்பறை தொடுவதே இல்லை. யார் விழுந்தால் அது துன்பியல்? யார் விழுந்தால் அது நான்கு வரிச் செய்தி? இதை நாம் கேட்காமல் வேறு யார் கேட்கப் போகிறார்கள்?

அரிஸ்டாட்டில் ‘கவிதையியல்’ எழுதி 2,300 ஆண்டுகளுக்கு மேலாகிறது. துன்பியல் நாடகத்தின் நாயகன் பேரும் புகழும் செல்வாக்கும் உள்ளவனாக இருக்க வேண்டும் என்றார் அவர். ஈடிபஸை உதாரணம் காட்டினார். அவன் முழு யோக்கியனும் இல்லை, முழு அயோக்கியனும் இல்லை. தன்னுடைய ஏதோ ஒரு பிழையால் உச்சியிலிருந்து விழுகிறான். பார்ப்பவர்களுக்கு இரக்கமும் அச்சமும் வருகின்றன. சரி. அதே ஈடிபஸ் நாடகத்தில் இன்னொருவன் இருக்கிறானே, அவனை யாராவது கவனித்தார்களா? அரண்மனையிலேயே பிறந்து வளர்ந்த அடிமை, ஆடு மேய்ப்பவன். கொன்றுவிடு என்று கையில் கொடுக்கப்பட்ட குழந்தையைக் கொல்ல மனம் வராமல் வேறொரு மேய்ப்பனிடம் கொடுத்துக் காப்பாற்றியவன். வயதான காலத்தில் அவனைப் பிடித்து இழுத்துவந்து, கையைப் பின்னால் முறுக்கச் சொல்லி, உண்மையைக் கக்க வைக்கிறான் அந்தக் குழந்தையாக இருந்த அரசன். சொல்லிவிட்டு அவன் போய்விடுகிறான். நாடகம் முழுக்க ஒரு நல்ல காரியம் செய்தவன் அவன் ஒருவன்தான். அவன் என்ன ஆனான் என்று சோபோக்கிளிசும் சொல்லவில்லை, நாமும் கேட்பதில்லை. அரசன் கண்ணைக் குத்திக்கொண்டதற்காக உலகம் இன்னும் அழுதுகொண்டிருக்கிறது.

இங்கே மட்டும் என்ன வாழ்ந்தது? நாட்டிய சாஸ்திரம் உயர்ந்த ஆண் பாத்திரங்களுக்குச் சமஸ்கிருதம், பெண்களுக்கும் ஏவலாட்களுக்கும் பிராகிருதம் என்று மேடையில் பேசும் மொழியையே பிரித்து வைத்தது. மேடையும் ஊர் வேறு, சேரி வேறு என்றுதான் இருந்திருக்கிறது.

ஐரோப்பாவில் வணிகர்களும் நடுத்தர வர்க்கத்தாரும் 18ஆம் நூற்றாண்டிலேயே துன்பியல் மேடைக்குள் நுழைந்துவிட்டார்கள். கையில் ஒன்றுமே இல்லாத கூலிக்காரனை நடுவில் கொண்டுவந்து நிறுத்தியவர் கியோர்க் பியூக்னர். இவரைப் பற்றி நம் தோழர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். 1834இல், மருத்துவ மாணவராக இருந்தபோது, ஹெஸ்ஸே விவசாயிகளின் வரிச் சுமையைப் புள்ளிவிவரத்தோடு எழுதி ரகசியமாகத் துண்டறிக்கை போட்டவர். அப்போது அவருக்கு 20 வயது. போலீஸ் தேட, எல்லை தாண்டி ஓடினார். 1837இல் 23 வயதில் காய்ச்சலில் இறந்தபோது மேசையில் முடிக்கப்படாமல் கிடந்தது ‘வொய்ட்செக்’. லைப்சிக் நகரில் 1824இல் தலை வெட்டப்பட்ட ஓர் ஏழையின் உண்மைக் கதை அதற்கு அடிப்படை. வொய்ட்செக் ஒரு சாதாரணச் சிப்பாய். மேலதிகாரிக்குச் சவரம் செய்கிறான். அந்தக் காசு போதாமல், ஒரு டாக்டரின் பரிசோதனைக்கு உடம்பை விற்று மாதக்கணக்கில் பட்டாணி மட்டுமே தின்கிறான். அதிகாரி அவனுக்கு ஒழுக்கம் பற்றிப் பாடம் எடுக்கிறார். ஒழுக்கம் நல்லதுதான், அதற்கும் காசு வேண்டுமே என்கிற பொருளில் அவன் பதில் சொல்கிறான். கடைசியில் தான் நேசித்த பெண்ணையே குத்திக் கொல்கிறான். எழுதப்பட்டு முக்கால் நூற்றாண்டு கழித்து, 1913இல்தான் அது மேடையேறியது.

மில்லருக்கு வருவோம். 1949 பிப்ரவரி 10 அன்று நியூயார்க் பிராட்வேயில் ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ அரங்கேறியது. அதே மாதம் 27ஆம் தேதி நியூயார்க் டைம்ஸில் மில்லர் ஒரு கட்டுரை எழுதினார். சாதாரண மனிதனும் அரசர்களைப் போலவே துன்பியலுக்கு உரியவன்தான் என்பது அதன் மையம். உயரம் பதவியில் இல்லை, தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள உயிரையும் கொடுக்கத் துணிவதில் இருக்கிறது என்று அவர் வாதிட்டார். அரியணையிலிருந்து விழுவதும் உலகத்தில் தனக்கென்று இருந்த இடத்திலிருந்து பிடுங்கி எறியப்படுவதும் ஒரே வலிதான் என்பது அவர் பார்வை. இது சின்ன விஷயம் இல்லை. இரண்டாயிரம் ஆண்டு வாசலை ஒரு நாளிதழ்க் கட்டுரையில் திறந்துவிட்டார்.

வில்லி லோமனுக்கு 63 வயது. ஒரே கம்பெனிக்கு 30 ஆண்டுகளுக்கு மேல் ஊர் ஊராகக் கார் ஓட்டிச் சரக்கு விற்றவன். சம்பளத்தை நிறுத்தி வெறும் கமிஷனில் விட்டுவிட்டார்கள். இனி வண்டி ஓட்ட முடியாது, நியூயார்க்கிலேயே ஒரு வேலை கொடு என்று கேட்க முதலாளி ஹோவர்டிடம் போகிறான். பழைய முதலாளியின் மகன். இவன் கண்முன்னால் பிறந்து வளர்ந்தவன். அவனோ புதிதாக வாங்கிய ஒலிப்பதிவுக் கருவியில் தன் பிள்ளைகளின் குரலைப் போட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறான். வில்லி வாரம் 65 டாலர் கேட்கிறான். இல்லை என்றதும் 50. அதுவும் இல்லை என்றதும் 40. அந்த மூன்று எண்களில் ஒரு மனிதன் தரைக்கு வந்துவிடுகிறான். நம் அப்பாக்கள் பண்ணை வீட்டு வாசலிலோ காண்டிராக்டர் முன்னாலோ நின்று கூலி கேட்ட கதையைக் கேட்டிருப்பவர்களுக்கு இந்தக் காட்சிக்கு உரை தேவையில்லை. கேட்கும் தொகை குறையக் குறையக் குரலும் எப்படிக் குறையும் என்று நமக்குத் தெரியும்.

முதலாளித்துவம் செய்த கொலை என்று இதை முடித்துக்கொள்ளும் இடதுசாரி வாசிப்பு ஒன்று உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி வில்லியிடமே இருக்கிறது. பக்கத்து வீட்டு சார்லி வாரம் 50 டாலருக்கு வேலை தருகிறேன் என்று கூப்பிடுகிறான்; வில்லி போக மாட்டேன் என்கிறான். தோற்றுப்போனவன் என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. எல்லாருக்கும் பிடித்தவனாக இருந்தால் போதும், ஜெயித்துவிடலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி அவர்களையும் கெடுக்கிறான். பாஸ்டன் ஓட்டலில் வேறொரு பெண்ணோடு மூத்த மகன் கண்ணில் பட்ட நாளிலிருந்து அந்த மகனும் உடைந்துபோகிறான். கடைசியில் 20,000 டாலர் இன்சூரன்ஸ் பணம் மகனுக்குக் கிடைக்கட்டும் என்று காரை எடுத்துக்கொண்டு சாகப் போகிறான். செத்தால்தான் தன் விலை அதிகம் என்று ஒருவனைக் கணக்குப் போட வைத்தது அந்த அமைப்பு. கணக்கைப் போட்டது அவன். இந்த இரண்டையும் ஒரே கையில் பிடித்திருப்பதுதான் மில்லரின் பலம்.

இதுவரைக்கும் சரி. ஆனால் மில்லர் சொன்ன அந்தச் ‘சாதாரண மனிதன்’ யார்? 1949 அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய் எந்தக் கடைக்குள்ளும் நுழைந்து, எந்த ஓட்டலிலும் அறை எடுத்து, எல்லாருக்கும் என்னைப் பிடிக்கும் என்று நம்பிக்கொண்டு வாழ ஒரு கறுப்பின மனிதனால் முடிந்திருக்குமா? வில்லியின் கனவு பொய்த்தது. இன்னொருவனுக்கு அந்தக் கனவைக் காணவே அனுமதி இல்லை. ‘சாதாரண மனிதன்’, ‘பொதுமக்கள்’ ஆகிய சொற்களைக் கேட்டால் நமக்கு உடனே ஒரு சந்தேகம் வரவேண்டும். ‘பொதுக் கிணறு’ என்ற சொல்லில் யார் இருந்தார்கள், யார் இல்லை என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் நாம்.

2019இல் லண்டனிலும் 2022இல் பிராட்வேயிலும் லோமன் குடும்பத்தைக் கறுப்பினக் குடும்பமாக வைத்து இதே நாடகத்தைப் போட்டார்கள். வில்லியாக வெண்டல் பியர்ஸ், மனைவி லிண்டாவாக ஷரோன் டி. கிளார்க். அப்படி வைத்ததும் ஹோவர்ட் காட்சியின் எடையே மாறிவிடுகிறது. வெள்ளை இளைஞன் முன்னால் கறுப்பு முதியவன் 65, 50, 40 என்று இறங்கி வருவது வெறும் முதலாளி, தொழிலாளி விவகாரமாக இருக்க முடியாது.

அப்படியானால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் கறுப்பின நாடக ஆசிரியர் ஆகஸ்ட் வில்சன் இதற்கு நேர் எதிராகப் பேசியிருக்கிறார். 1996இல் பிரின்ஸ்டனில் நடந்த தேசிய நாடக மாநாட்டில், ‘சேல்ஸ்மேன்’ போன்ற நாடகத்தைக் கறுப்பு நடிகர்களை வைத்துப் போடுவது எங்கள் மனிதத்தன்மையையும் எங்கள் வரலாற்றையும் மறுப்பது என்று அவர் வாதிட்டார். வெள்ளையருக்கு எழுதிய சட்டையை எங்களுக்குப் போட்டுவிடாதீர்கள், எங்கள் கதையை நாங்கள் எழுதி, எங்கள் அரங்கில் போடப் பணமும் இடமும் கொடுங்கள் என்பதுதான் அவர் கேட்டதன் சாரம். பெரும் சண்டை மூண்டது. அடுத்த ஆண்டு ஜனவரியில் விமர்சகர் ராபர்ட் பிரஸ்டீனும் வில்சனும் நியூயார்க்கில் ஒரே மேடையில் நேருக்கு நேர் மோதினார்கள். பியர்ஸின் நடிப்பை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வாதத்தில் நாம் வில்சன் பக்கம். அதற்கு அவருடைய பேச்சைவிட வலுவான ஆதாரம் அவர் எழுதிய ‘ஃபென்சஸ்’ நாடகம். வேலிகள் என்று பொருள்.

வில்சன் பிட்ஸ்பர்க் நகரில் ஹில் என்ற கறுப்பினப் பகுதியில் பிறந்தவர். 20ஆம் நூற்றாண்டின் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒன்றாகக் கறுப்பின வாழ்க்கையைப் பத்து நாடகங்களில் எழுதிவிட்டு 2005இல் இறந்தார். அதில் 1950களுக்கானது ‘ஃபென்சஸ்’. 1987இல் பிராட்வேக்கு வந்து புலிட்சர் பரிசு பெற்றது. இதைப் படமாக்கினால் கறுப்பின இயக்குநர்தான் வேண்டும் என்று வில்சன் பிடிவாதமாக நின்றார். படம் 2016இல்தான் வந்தது, டென்சல் வாஷிங்டன் இயக்கி நடித்தார். இணையத் தளங்களில் தேடிப் பாருங்கள்.

நாயகன் ட்ராய் மேக்சன், 53 வயது. என்ன வேலை? குப்பை அள்ளும் வேலை. உலக நாடகத்தின் பெரிய நாயகர்களின் வரிசையில் ஒரு தூய்மைப் பணியாளர். இந்த ஒரு காரணத்துக்காகவே நம் பிள்ளைகள் இதைப் படிக்க வேண்டும் என்போம்.

நாடகம் 1957இல் ஒரு வெள்ளிக்கிழமை சம்பள நாளில் தொடங்குகிறது. ட்ராய் அலுவலகத்தில் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வந்திருக்கிறான்: வண்டி ஓட்டுவதெல்லாம் ஏன் வெள்ளையர், குப்பை தூக்குவதெல்லாம் ஏன் கறுப்பர்? வேலை போய்விடுமோ என்று நண்பன் போனோ பயப்படுகிறான். போகவில்லை. பிட்ஸ்பர்க்கின் முதல் கறுப்பின ஓட்டுநராக அவனை ஆக்கிவிடுகிறார்கள். சுவையான விஷயம், அவனிடம் ஓட்டுநர் உரிமமே கிடையாது. ஆனால் ஜெயித்தவனுக்கு அந்த ஜெயம் இனிக்கவில்லை. முன்னால் ஸ்டியரிங் பிடித்துத் தனியாக உட்கார்ந்திருக்கிறான். வண்டிக்குப் பின்னால் போனோவோடு பேசிச் சிரித்துக்கொண்டே வேலை செய்த நாட்கள் போய்விட்டன. நம்மில் முதல் தலைமுறையாக அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் இந்த இடத்தைப் படித்தால் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிடுவார்கள்.

ட்ராயின் காயம் பழையது. குத்தகை விவசாயியான அப்பனிடம் அடி வாங்கி 14 வயதில் வீட்டைவிட்டு வந்தவன். வயிற்றுக்குத் திருடப்போய் 15 ஆண்டு சிறையில் இருந்தவன். அங்கே பேஸ்பால் கற்று, வெளியே வந்து கறுப்பினத்தவருக்கென்று தனியாக இருந்த லீக்கில் பெரிய ஆட்டக்காரனாக விளங்கினான். பெரிய லீக்கில் கறுப்பரைச் சேர்க்க மாட்டார்கள். 1947இல் ஜாக்கி ராபின்சன் அந்தத் தடையை உடைத்து உள்ளே போனபோது ட்ராய்க்கு 40 தாண்டிவிட்டது. கதவு திறந்தது, இவன் வயது போய்விட்டது. அவன் விழவில்லை, ஏறவே விடவில்லை. உயரத்திலிருந்து விழுவதுதான் துன்பியல் என்றால் ட்ராயின் கதையை எங்கே வைப்பது? ஏற முடிந்த உயரம் எது என்று தெரிந்தவன், அந்த உயரத்தை உடம்பிலேயே வைத்திருந்தவன், தரையில் நின்றபடியே விழுகிறான். வில்சன் அரிஸ்டாட்டிலுக்கும் மில்லருக்கும் சேர்த்துத் திருத்தம் போட்ட இடம் இதுதான் என்பது நம் கருத்து.

ஆனால் இதோடு நின்றிருந்தால் ‘ஃபென்சஸ்’ நல்ல பிரச்சார நாடகமாகப் போயிருக்கும். ட்ராயின் மகன் கோரிக்குக் கால்பந்து வருகிறது. கல்லூரியில் சேர்க்க ஆள் தேடி வருகிறார்கள். ட்ராய் மறுக்கிறான். வெள்ளைக்காரன் உன்னை ஆட விட மாட்டான், கடையில் பார்க்கும் வேலையைப் பிடித்துக்கொள் என்கிறான். காலம் மாறிவிட்டது என்று மனைவி ரோஸ் சொல்லியும் கேட்கவில்லை. பயிற்சியாளரிடம் நேரில் போய் மகனை ஆட விடாதே என்று சொல்லிவிட்டு வருகிறான். பாசமா, பயமா, பொறாமையா? மூன்றும்தான். தனக்குப் போட்ட வேலியைத் தன் பிள்ளைக்குத் தானே போடுகிறான். அதோடு விடவில்லை. போரில் தலையில் அடிபட்டு மனநிலை தவறிய தம்பி கேப்ரியேலுக்கு வந்த 3,000 டாலர் இழப்பீட்டில்தான் ட்ராய் வீடு வாங்கியிருக்கிறான். அந்தத் தம்பியை மனநல மருத்துவமனைக்கு அனுப்பும் காகிதத்தில், படிக்கத் தெரியாத ட்ராய் கையெழுத்துப் போடுகிறான். 18 ஆண்டு கூடவே நின்ற ரோஸுக்குத் துரோகம் செய்து வேறொரு பெண்ணுக்குக் குழந்தை கொடுக்கிறான். பிரசவத்தில் அந்தப் பெண் இறக்க, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரோஸ் முன்னால்தான் வந்து நிற்கிறான். குழந்தையை வளர்க்கிறேன், இனி நீ எனக்குப் புருஷன் இல்லை என்கிற முடிவோடு ரோஸ் அதை வாங்கிக்கொள்கிறாள்.

இப்படி ஒரு ஆளை நம் மேடையில் நிறுத்துவோமா? நம் ஆள், தூய்மைப் பணியாளர், இப்படி நடந்துகொள்கிறார் என்று நம்மால் எழுத முடியுமா?

இன்றைக்கு நம் கல்லூரிக் குழுக்கள் போடும் வீதி நாடகங்களைப் பார்த்தால், பெரும்பாலும் முடியாது என்றுதான் தோன்றுகிறது. அவற்றில் நம் ஆள் ஒரு குற்றமும் அறியாதவன். அடி வாங்குவான், அழுவான், கடைசியில் செத்துப்போவான் அல்லது கையை உயர்த்துவான். ஆதிக்க சாதிக்காரன் மீசையை முறுக்கிக்கொண்டு வருவான். பறை முழங்கும். கூட்டம் கைதட்டும். நாம் இதைக் கேலி செய்யவில்லை. இப்படி எழுதுவதற்கு வலுவான காரணம் இருக்கிறது. நம்மில் ஒருவர் செத்தால் முதலில் தேடப்படுவது அவருடைய குற்றம்தானே? விஷவாயு தாக்கிச் செத்தவரைப் பற்றி ‘குடித்திருந்தார்’ என்பார்கள். வெட்டப்பட்ட இளைஞனைப் பற்றி ‘அந்தப் பெண்ணின் பின்னால் சுற்றினான்’ என்பார்கள். நம்முடைய ஒரு குறையைச் சொன்னால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு மொத்தக் குற்றத்தையும் நம் தலையில் கட்டிவிட ஒரு சமூகமே தயாராக நிற்கிறது. அதனால் மேடையிலும் நாம் நம் ஆளுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் வாங்கிக் கொடுக்கிறோம்.

ஆனால் தோழர்களே, மேடை காவல் நிலையம் இல்லை. அங்கே நாம் வாக்குமூலம் கொடுக்க வரவில்லை. தவறே செய்யாத மனிதன் தவறு செய்யும் வாய்ப்பே இல்லாத மனிதன். முடிவெடுக்க அவனுக்கு ஒன்றும் இல்லை. அவன் மேல் எல்லாம் நடக்கிறது, அவ்வளவுதான். சாதி நம்மை வைத்திருக்க விரும்பும் நிலை அதுதானே? ஈடிபஸுக்குக் கிடைத்த மரியாதையில் பாதி, அவன் பிழைக்கு அவனையே பொறுப்பாக்கியதால் வந்தது. அரசனுக்குப் பிழை செய்யும் உரிமை உண்டு, ஏழைக்கு உத்தமனாக இருக்கும் கடமை மட்டும் உண்டு என்றால், அந்த உத்தமத்தனத்தை யார் கேட்டது? வில்சன் தன் மக்களின் முன்னால் ட்ராயை நிறுத்தி, இவன் உங்களை நொறுக்கிய உலகத்தால் நொறுக்கப்பட்டவன், இவனும் நொறுக்கினான், இருவருக்கும் கணக்கு உண்டு என்றார். வெள்ளையர் இதைத் தவறாகப் பயன்படுத்துவார்களே என்று அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. கறுப்பின அரங்கு ட்ராயைத் தன் ஆளாக ஏற்றுக்கொண்டது.

இதைச் சொல்லும்போதே எதிர்ப்பக்கத்தில் ஒரு கோடு கிழித்தாக வேண்டும். எல்லாச் சாவையும் துன்பியல் ஆக்கிவிடக் கூடாது. 1968 பிப்ரவரி 1 அன்று அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் மழைக்குக் குப்பை வண்டிக்குள் ஒதுங்கிய எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு கறுப்பினத் தூய்மைப் பணியாளர்கள் குப்பை நசுக்கும் இயந்திரத்தில் சிக்கி இறந்தார்கள். கதைப்படி ட்ராய் வண்டி ஓட்டத் தொடங்கிப் பத்தாண்டுகள் கழித்து நடந்த நிஜம் இது. அதே மாதம் 12ஆம் தேதி சுமார் 1,300 தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ‘நான் ஒரு மனிதன்’ என்று எழுதிய அட்டைகளை ஏந்தி நடந்தார்கள். அவர்களுக்கு ஆதரவாக வந்த மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4 அன்று அந்த ஊரில்தான் சுடப்பட்டார். கோலும் வாக்கரும் எந்தப் பிழையாலும் சாகவில்லை. அங்கே தேட வேண்டியது நாயகனின் குறை இல்லை, வண்டியின் குறையும் நகராட்சியின் குறையும்.

நம் ஊரில் மலக்குழிச் சாவும் அப்படித்தான். நாளிதழ்கள் ‘சோக சம்பவம்’ என்று எழுதும். அது சம்பவம் இல்லை, குற்றம். கையால் மலம் அள்ள ஆள் வைப்பதைத் தடை செய்யும் சட்டம் 2013இல் வந்தது. 1993க்குப் பிறகு மலக்குழியிலும் பாதாளச் சாக்கடையிலும் இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்க உச்ச நீதிமன்றம் 2014இல் உத்தரவிட்டது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீட்டுத் தொகை ஏறுகிறது, குழிக்குள் இறங்குவது நிற்கவில்லை. இந்தச் சாவுகளுக்குத் தேவை திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ போல முகத்தில் அறைகிற ஆவணம், வழக்கு, போராட்டம். குழிக்குள் இறங்கிய மனிதன் இறங்குவதற்கு முந்தின நாள் வீட்டில் எப்படி இருந்தான், மகளிடம் எதை மறைத்தான், அண்ணனோடு எதற்குச் சண்டை போட்டான் என்பதுதான் நாடகத்துக்குரியது. முதலாவதைச் செய்ய வேண்டிய இடத்தில் இரண்டாவதைச் செய்தால் குற்றவாளி தப்பிப்பான். இரண்டாவதைச் செய்ய வேண்டிய இடத்தில் முதலாவதை மட்டுமே செய்தால் நம் ஆள் பெயரில்லாத சடலமாகவே மேடையில் கிடப்பான்.

இன்னொன்று. மில்லர் சொன்ன சாதாரண மனிதன் ஆண். லிண்டாவும் ரோஸும் நாயகன் உடைத்ததைக் கூட்டிப் பெருக்குகிறவர்கள். ரோஸ் மட்டும் கடைசியில் அந்த இடத்திலிருந்து எழுந்து நிற்கிறாள், அவ்வளவுதான். லின் நாட்டேஜ் எழுதிய ‘ஸ்வெட்’ (2015) இதை மாற்றியது. பென்சில்வேனியாவில் ஒரு தொழிற்சாலை நகரம். டிரேசி வெள்ளை, சிந்தியா கறுப்பு. இருவரும் பல ஆண்டுகளாக ஒன்றாக உழைத்த தோழிகள். மேற்பார்வைப் பதவி சிந்தியாவுக்குக் கிடைக்கிறது. கறுப்பு என்பதால்தான் கொடுத்தார்கள் என்று டிரேசி பேசத் தொடங்குகிறாள். பிறகு கம்பெனி எல்லாரையும் வெளியே தள்ளும்போது கதவுக்கு அந்தப் பக்கம் சிந்தியா நிற்க நேர்கிறது. ‘கோட்டாவில் வந்தவர்தானே’ என்று அலுவலகத்தில் முதுகுக்குப் பின்னால் கேட்ட பெண்களுக்கு இந்த நாடகத்தை மொழிபெயர்த்துக் கொடுக்கக்கூட வேண்டாம், கதையைச் சொன்னாலே போதும்.

இந்த அமெரிக்கக் கறுப்பினக் கதையெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. 1946இல் அண்ணல் அம்பேத்கர் டு பாய்ஸுக்கு எழுதிய கடிதம் எதற்கு? 1972இல் பம்பாயில் இளைஞர்கள் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து பெயரை எடுத்துத் தலித் சிறுத்தைகள் என்று வைத்துக்கொண்டது எதற்கு? அந்த உறவு பழையது. ஆனால் உறவு என்றால் நகல் எடுப்பது இல்லை. ‘ஃபென்சஸ்’ நாடகத்தை எடுத்து, ட்ராயை மாநகராட்சிப் பணியாளராக்கி, பேஸ்பாலைக் கபடியாக்கிப் போடலாமா என்று ஒரு யோசனை நமக்குள்ளேயே அவ்வப்போது எழுகிறது. வில்சன் இருந்திருந்தால் வேண்டாம் என்றிருப்பார் என்றே நினைக்கிறோம். அந்த நாடகத்தை அப்படியே வாசியுங்கள், நடித்தும் பாருங்கள். பிறகு அதை அலமாரியில் வைத்துவிட்டு நம் ட்ராயை எழுதுங்கள். அவன் பென்னாகரத்திலிருந்து வந்து சென்னையில் குப்பை வண்டி ஓட்டுபவனாக இருக்கலாம், திருப்பூரில் சாயப்பட்டறையில் கை வெந்தவனாக இருக்கலாம். பிள்ளையைப் படிக்க வைத்தவனாகவும் இருக்கலாம், படிப்பை நிறுத்தியவனாகவும் இருக்கலாம். கல்வி உதவித்தொகையில் மகள் சேர்த்து வைத்த பணத்தை எடுத்துக் குடித்தவனாகவும் இருக்கலாம். எழுதும்போது கை நடுங்கினால் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள்.

‘ஃபென்சஸ்’ வாசிக்கப்போகும் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் பாகத்தில் கோரி அப்பாவிடம், உனக்கு ஏன் என்னைப் பிடிக்கவே இல்லை என்று கேட்கும் காட்சி வரும். ட்ராய் உருக மாட்டான். சோறு போடுகிறேன், கூரை கொடுக்கிறேன், அது என் பொறுப்பு, உன்னைப் பிடிக்க வேண்டும் என்று எங்கே சட்டம் இருக்கிறது என்கிற ரீதியில் மகனை நிற்க வைத்துக் கேட்பான். ட்ராயாக நடிப்பவர் அந்த இடத்தில் குரலைத் தழுதழுக்க விட்டு, உள்ளுக்குள் பாசம்தான் என்று பார்வையாளருக்குக் காட்டப் பார்ப்பார். விடாதீர்கள். அவன் அந்தப் பதிலை அப்படியே நம்பித்தான் சொல்கிறான். பையன் ‘சரி சார்’ என்று சொல்லிவிட்டு உள்ளே போகட்டும்.